சவுந்தரத்தை ஏன் அறுத்தார்கள்?

திருச்சிராப்பள்ளி
1913 ஜனவரி 6

சேசு மரி சூசை

அன்பார்ந்த மாப்பிள்ளை லாரன்ஸ் அவர்களுக்கு இராயப்பன் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இவ்விடம் நான் சுகம். அங்கே நீங்களும், சம்பந்தியம்மாளும், என் மகள் சவுந்தரமும், நான் இன்னும் முகம் பாராத பேத்தியும் சுகமாயிருக்கும் செய்தியை அடுத்த கப்பலிலேயே எதிர்பார்க்கிறேன்.

குழந்தை பிறந்த செய்தி வந்த அன்று, கல்லூரியில் தருக்க வகுப்பில் ஓர் எளிய முடிவை இரண்டு முறை தவறாகச் சொன்னேன். மாணவர்கள் சிரித்தார்கள். நான் கோபிக்கவில்லை. என் மகிழ்ச்சியை இதற்கு மேல் விவரிக்க எனக்குத் தெரியாது.

சவுந்தரத்தின் தாய் உயிரோடு இல்லாததால், அவள் சொல்லியிருக்க வேண்டியதை நான் சொல்கிறேன். பிள்ளை பெற்றவள் முதல் மூன்று மாதம் பத்தியம் தவறக்கூடாது. பருப்பும் காய்கறியும் மீனும் இறைச்சியும் ஆகா. மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட ரசம், சோறு. அவ்வளவே.

சோறு என்றதும் இன்னொன்று. திருமணத்துக்காக நான் பினாங்கு வந்தபோது, தோட்டத்து ஆட்களுக்கென்று கப்பலிலிருந்து இறங்கிய புழுங்கலரிசி மூட்டைகளின் நாற்றத்தைத் துறைமுகத்திலேயே முகர்ந்தேன். கூலிகளுக்கு வரும் அந்த அரிசி என் மகளின் தட்டில் விழக்கூடாது என்று அன்றே உங்களிடம் சொன்னேன். அந்த வாக்கை நீங்கள் தவறாமல் காப்பதாகச் சவுந்தரம் எழுதினாள். நன்றி. வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பாருங்கள், இதில் வேண்டாம்.

யாவருக்கும் என் ஆசீர்வாதம்.

ம. இராயப்பன், பி.ஏ.


பினாங்கு
1913 ஜனவரி 24

சேசு மரி சூசை

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு லாரன்ஸ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நாங்கள் நலம். தங்கள் உடல்நலத்தையும், குளிர்காலத்தில் தங்களை வருத்தும் இருமலையும் குறித்து எழுதவேண்டும்.

பினாங்கு ரோட்டுக் கோயிலில் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. டோரதி என்று பெயரிட்டோம். தங்கள் கட்டளைகளை வீட்டில் உரக்கப் படித்தேன். “ஒம் மாமனாரு காலேஜ்ல பாடஞ் சொல்றாரா, பிள்ளைப்பேறு பாக்குறாரா?” என்று கேட்டு அம்மா சிரித்தாள். சவுந்தரம் படுக்கையிலிருந்தபடியே, “அத்தை, அப்பா ரெண்டுக்கும் மார்க்குப் போடுவாரு” என்றாள்.

அரிசியைப் பற்றிக் கவலை வேண்டாம். தவுக்கே என்று இங்கு அழைக்கும் சீன முதலாளியின் கடையில் கிடைப்பதிலேயே மிக வெள்ளையான சயாம் அரிசியைத்தான் இரண்டாண்டுகளாக வாங்கிவருகிறேன். தீட்டித் தீட்டி மல்லிகை மொட்டுப் போல் இருக்கும். “கிராணி வீட்டுச் சோறு கண்ணு கூசுது” என்று குமாஸ்தாவான என்னை அண்டை வீட்டார் கேலி செய்கிறார்கள்.

சவுந்தரத்துக்குக் கால் சற்று வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. “பிள்ளை பெத்தவளுக்குக் கால் வீங்காம மூக்கா வீங்கும்?” என்கிறாள் அம்மா. ஆயினும் வீக்கம் வடியட்டும் என்று, இடையிடையே கொடுத்துவந்த கருவாட்டையும் நிறுத்திப் பத்தியத்தை இறுக்கியிருக்கிறாள். சவுந்தரம் இரண்டு வரி எழுதவேண்டும் என்கிறாள்.

தங்கள் மருமகன்,
லாரன்ஸ்

அன்புள்ள அப்பா, நான் சுகம். வெறும் சோறும் ரசமும் நாக்குக்குச் செத்துப்போய்விட்டன. நீங்கள் சொன்னதாயிற்றே என்று விழுங்குகிறேன். குழந்தைக்கு உங்கள் நெற்றி. உங்கள் கோபமும் வந்துவிடாமல் வேண்டிக்கொள்ளுங்கள். — சவுந்தரம்


பினாங்கு
1913 பிப்ரவரி 20

சேசு மரி சூசை

மாமா அவர்களுக்கு லாரன்ஸ் எழுதுவது.

தந்தி கிடைத்திருக்கும். நலம் கேட்டு எழுதக் கை வரவில்லை.

திங்கட்கிழமை காலை தலைவாரிக்கொண்டிருந்தாள். சீப்பை என்னிடம் நீட்டி, “நீங்க வாருங்க, எனக்கு மூச்சு எடுக்க முடியல” என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். ரிக்‌ஷாவில் ஏற்றினேன். வழியெல்லாம் என் தோளில் சாய்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கச் சொன்னபோது தலை நிமிரவில்லை.

இருதய பலவீனம் என்று டாக்டர் சொன்னார். மறுநாள் அடக்கம் செய்தோம். பெட்டியை மூடியே கோயிலுக்குக் கொண்டுபோனோம்.

குழந்தை இருக்கிறாள். அவளுக்குப் பால் கொடுக்க ஓர் அம்மாள் கிடைத்திருக்கிறார்.

மாமா, தங்கள் இருமல் எப்படியிருக்கிறது?

லாரன்ஸ்


திருச்சிராப்பள்ளி
1913 மார்ச்சு 10

மிஸ்டர் லாரன்ஸுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. என் உடல்நலம் குறித்து இனி நீர் விசாரிக்க வேண்டியதில்லை.

தந்தி வந்தபின் நான் அழவில்லை. உமது கடிதத்தை எதிர்பார்த்திருந்தேன். அது வந்தபின் அழலாம் என்றிருந்தேன். அதற்கு முன் நாகூர் வியாபாரி அப்துல் காதர் வந்தார். பினாங்குக்கும் நாகப்பட்டினத்துக்கும் போய்வருகிறவர், உமக்கும் தெரிந்தவர். அவர் துக்கம் விசாரித்த சொற்களை அப்படியே எழுதுகிறேன்: “என்னத்தச் சொல்ல வாத்தியாரய்யா. நெஞ்ச அறுத்துப் பாத்துட்டுல்ல பொட்டியில வெச்சுக் குடுத்தாங்களாம். ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.” என் முகத்தைக் கண்டதும் அந்த மனிதர் தாம் கொண்டுவந்த பழங்களைக் கூடக் கொடுக்க மறந்து எழுந்து போனார்.

பெட்டி மூடியிருந்த காரணம் இப்போது விளங்குகிறது.

என்னை மூட நம்பிக்கைக்காரன் என்று எண்ணிவிடாதீர். பிரேதப் பரிசோதனை இன்னதென்று நான் அறிவேன். கொலையென்று ஐயுற்றால் அறுக்கிறார்கள்; கொள்ளைநோய் என்று அஞ்சினால் அறுக்கிறார்கள்; மருத்துவ மாணவர்கள் கற்பதற்கு, உரியவர் இல்லாத பிணங்களை அறுக்கிறார்கள். என் மகள் இவற்றுள் எது? உயிர்த்தெழும் நாளில் சர்வேசுரனுக்கு ஊசியும் நூலும் தேவைப்படா என்பதும் எனக்குத் தெரியும். நான் கேட்பது வேறு. இறந்துவிட்ட ஒருத்தி எதனால் இறந்தாள் என்று அறிவதால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. அப்படியானால் யாருடைய பயனுக்காக அவள் நெஞ்சு பிளக்கப்பட்டது? யார் அனுமதித்தது? பெற்றவனுக்கு அதை ஏன் எழுதவில்லை?

இருதய பலவீனம் என்று எழுதினீர். இருபத்திரண்டு வயதில், மலைக்கோட்டைப் படிகளில் என்னை முந்தி ஏறியவளுக்கு இருதய பலவீனம்.

பதில் எழுதவும்.

ம. இராயப்பன்


பினாங்கு
1913 ஏப்ரல் 7

சேசு மரி சூசை

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு லாரன்ஸ் தோத்திரம்.

விசாரிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் தாங்கள் நலமாயிருக்க வேண்டுகிறேன். பதில் தாமதித்ததற்கு மன்னிக்கவும். மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

அனுமதித்தவன் நான். ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸராக இருக்கும் வின்சென்ட் நம் கோயில் பையன். அவன் என்னை வராந்தாவின் ஓரத்துக்கு அழைத்துப்போய், “அண்ணே, தொரைக்கு ஒரு சந்தேகம். வெளிய பாத்துச் சொல்ல முடியாது. உள்ள பாத்தாத்தான் தெரியும்லா” என்றான். நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவன் கையைத் தட்டவில்லை. “அடிங்கண்ணே, பரவாயில்ல. அடிச்சிட்டுச் சரின்னு சொல்லுங்க” என்றான். அதன்பின் அவன் சொன்ன ஒன்றைக் கேட்டுக் கையொப்பமிட்டேன்.

முடிந்தபின் அவளைக் கண்ணியமாகவே ஒப்படைத்தார்கள். அம்மா கல்யாணப் புடவையை உடுத்தினாள். நான் பார்த்தேன், தங்களுக்கு அந்தக் காட்சி வேண்டாம்.

டாக்டர் கண்டது இருதயக் கோளாறுதான். நான் பொய் எழுதவில்லை. யாருடைய பயனுக்காக என்ற தங்கள் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் எழுத என்னால் ஆகவில்லை.

குழந்தை தேறிவருகிறாள். பால் கொடுக்கும் அம்மாள் பெயர் மீனாட்சி. அவர் கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார். அவருக்கும் கைக்குழந்தை உண்டு.

தங்கள் மருமகன்,
லாரன்ஸ்


திருச்சிராப்பள்ளி
1913 ஏப்ரல் 18

மிஸ்டர் லாரன்ஸுக்கு,

கையொப்பமிட்டதை ஒப்புக்கொண்டீர். காரணத்தை மறைக்கிறீர். மறைப்பவனிடம் மறைக்கத்தக்க பொருள் ஒன்று உண்டு என்பதை வகுப்பின் கடைசி வரிசையில் இருப்பவனும் அறிவான்.

சிந்தித்துப் பார்த்தேன். டாக்டருக்குச் சந்தேகம் என்றீர். திடகாத்திரமான இளம் பெண் திடீரென்று இறந்தால் டாக்டருக்கு வரும் சந்தேகம் ஒன்றே. அவள் வாய்க்குப் போனது என்ன? பிள்ளை பெற்றது முதல் அவளுக்குச் சமைத்தவர் உம் தாய் அக்னஸ். பத்தியம் என்ற பெயரில் அவர் எதைக் கலந்தார் என்பதை நீர் அறிந்திருக்கிறீர். தாயைக் காக்க மௌனம் சாதிக்கிறீர். இதை நான் ஆத்திரத்தில் எழுதவில்லை. ஆத்திரம் தணியும்வரை காத்திருந்து எழுதுகிறேன்.

அடுத்தது குழந்தை. என் பேத்தியைத் துறைமுகக் கூலியின் மனைவியிடம் விட்டிருக்கிறீர். யார் வீட்டுப் பெண், என்ன குலம், என்ன வேதம் என்று ஒரு வார்த்தையும் எழுதவில்லை. என்னிடம் பயின்ற ஒருவனின் தங்கை உங்கள் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கத்தோலிக்கக் குடும்பம், கணவன் சர்க்கார் கச்சேரியில் உத்தியோகஸ்தன், அவளுக்கும் கைக்குழந்தை இருக்கிறது. உமது பிப்ரவரிக் கடிதம் கண்டபோதே அவனுக்கு எழுதிக் கேட்டேன், அவளுக்குச் சம்மதம். இக்கடிதம் கண்டதும் குழந்தையை அவளிடம் ஒப்படைக்க வேண்டும்.

தவறினால் ஜூன் மாதக் கப்பலில் நானே வருவேன். வக்கீலைக் கலந்தாயிற்று. குழந்தையை உம்மிடமிருந்து எடுத்துக்கொள்வேன். மற்றதைப் போலீஸ் விசாரிக்கும்.

ம. இராயப்பன்


பினாங்கு
1913 மே 2

சம்பந்தி ஐயா அவர்களுக்கு, லாரன்ஸின் தாயார் அக்னஸம்மாள் சொல்ல, கடைத்தெருவில் கடிதம் எழுதிக் கொடுப்பவன் எழுதுவது. உபய க்ஷேமம். இந்த அம்மாள் சொல்லுகிறதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதவேண்டுமென்று கட்டளையிடுகிறபடியால், இனி வருவது அவர்கள் வாய்ச்சொல்.

ஐயா, நீங்க எழுதுனத எம் மவன் ஒளிச்சு வெச்சான். சட்டை துவைக்கையில பையில கெடச்சுது. பக்கத்து வீட்டு அம்மாகிட்டப் படிக்கக் குடுத்தேன். படிக்கையில அவ மூஞ்சியப் பாக்கணுமே. நான் வெசம் வெச்சேனாம். ஐயா, ஒங்க பொண்ணு வாய்ல நான் சோத்தை உருட்டி உருட்டி ஊட்டுனேன். போதும் அத்தைன்னு சொன்னா, ஒங்கப்பா உத்தரவுடீன்னு சொல்லி ஊட்டுனேன். அந்தக் கையில வெசம் இருந்தா இது அழுகிப்போவட்டும். நான் வாழ்ந்து முடிச்சவ. போலீசு வந்தா வரட்டும். நீங்க கப்பல்ல வாங்க, வந்து எம் மூஞ்சிக்கு நேரா கேளுங்க.

ஆனா எம் மவனப் பத்தியும் ஒங்ககிட்டத்தான் சொல்லி அழணும், வேற யாருகிட்டச் சொல்ல. அவனுக்குப் புத்தி பெரண்டுபோச்சு ஐயா. அடக்கம் முடிஞ்ச அன்னைக்கே வீட்ல இருந்த வெள்ளை அரிசி மூட்டையத் தூக்கிக்கிட்டுப் போயி கடல்ல கொட்டிட்டான். அம்புட்டும் நல்ல அரிசி! கோழிக்காச்சும் போடுறேண்டான்னேன், விடல. இப்ப எங்க வீட்லயும் கூலிக்கார அரிசிதான் வேவுது. தெருவே மூக்கப் பொத்துது. ஏண்டான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறான்.

பாஸ்கா திருநாளு அன்னைக்கு அந்த மீனாட்சி ஆசையாக் கேட்டா. “கிராணியய்யா, ஒங்க பிள்ளைக்குப் பால் குடுக்குறேன்லா, திருநாளும் அதுவுமா எனக்கு ஒரு பிடி வெள்ளைச் சோறு போடுங்க”ன்னு. ஒரு பிடி சோறு ஐயா! முடியாதுன்னுட்டான். ஆடு வாங்கித் தர்றேன், சேலை வாங்கித் தர்றேன், அது மட்டும் கெடையாதுன்னான். “கிராணிக்குப் பேருதான் பெருசு, கையி சின்னது”ன்னு முணுமுணுத்துக்கிட்டே போனா. எனக்கு மானமே போச்சு.

நீங்க சொன்ன அந்தப் பொண்ணு முந்தாநாளு பிள்ளைய வாங்கிட்டுப் போக வந்துச்சு. இவன் வாசல்லயே நிறுத்தி, “ஒங்க வீட்ல என்ன அரிசி சாப்பிடுறீங்க?”ங்கிறான். பால் குடுக்க வந்தவகிட்டக் கேக்குற கேள்வியாய்யா இது? அது பெருமையா, “வெள்ளை அரிசிதான், வேற என்ன”ன்னுச்சு. கும்பிடு போட்டு அனுப்பிட்டான்.

பிள்ளைய நெனச்சுக் கவலைப்படாதீங்க. மொதல்ல அது கெடந்த கெடப்ப நீங்க பாக்கல. அது அம்மா சாகுறதுக்கு முன்னாடியே அழுக நின்னுபோச்சு. வாயத் தொறக்கும், மூஞ்சி செவக்கும், கண்ணுல தண்ணி வரும், சத்தம் மட்டும் வராது. ஊமையாப் பொறந்துருச்சோன்னு நெனச்சேன். மீனாட்சி மடியில போட்டு ஒரு வாரத்துல கத்துச்சு பாருங்க, தெருவே திரும்பிப் பாத்துச்சு.

இவ்வளவும் அம்மாள் சொன்னது. கடைசியில், தங்கள் இருமலுக்குத் தூதுவளை சாப்பிடச் சொல்லி எழுதச் சொல்கிறார்கள்.


திருச்சிராப்பள்ளி
1913 மே 14

லாரன்ஸுக்கு,

உம் தாயாரின் கடிதம் வந்தது. அதில் அரிசியைப் பற்றி நான்கு இடங்களில் பேச்சு வருகிறது. என் மகள் இறந்தபின் நீர் எழுதிய கடிதங்களில் ஓரிடத்திலும் அந்தச் சொல் இல்லை. உண்டதை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிவந்த மனிதர் நீர்.

வெள்ளை அரிசியை உம் வீட்டிலிருந்து அகற்றினீர். கோழிக்கும் போட விடவில்லை. அதை உண்பவள் என்பதால் ஒருத்தியிடம் குழந்தையைத் தர மறுத்தீர். பால் கொடுப்பவள் கேட்டும் அவளுக்கு அதைக் கொடுக்கவில்லை. குரலற்றுக் கிடந்த குழந்தை, புழுங்கலரிசி உண்பவளின் பாலைக் குடித்துக் குரல் பெற்றது. இவை ஐந்தையும் தாள் ஒன்றில் எழுதி இங்குள்ள டாக்டர் ஒருவரிடம் கொண்டுபோனேன். என் மகள் என்று சொல்லவில்லை. தெரிந்த குடும்பம் என்றேன். அவர் தாளைப் படித்துவிட்டு, “அந்தப் பெண்ணுக்குக் கால் வீக்கம் இருந்ததா?” என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். “கடைசியில் மூச்சுத் திணறியதா?” என்றார். என் குடையை அவர் மேசைமேலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

முன்கூறுகள் அனைத்தும் என்னிடம் இருக்கின்றன. முடிவை உம் கையெழுத்தில் காண வேண்டும். டாக்டர் அவள் நெஞ்சில் கண்டது என்ன? உம்மை அசைத்த சொல்லாக வின்சென்ட் சொன்னது என்ன? எனக்கு இரக்கம் காட்டி ஒரு வரியையும் நீக்காதீர். அந்த இரக்கத்தை நான் அவமதிப்பாகவே கொள்வேன்.

ம. இராயப்பன்


பினாங்கு
1913 மே 26

சேசு மரி சூசை

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு லாரன்ஸ் தோத்திரம்.

கேட்டபடியே எழுதுகிறேன்.

இருதயத்தின் வலப்பக்கம் பெருத்துத் தளர்ந்து கிடந்தது. அதைச் சுற்றிலும் நீர் கோத்திருந்தது. இதற்கு பெரிபெரி என்று பெயர். இவ்வூர்ச் சீனர்களும் மலாய்க்காரர்களும் இதில் நிறைய மடிகிறார்கள். தமிழரிடம் டாக்டர் இதைக் கண்டதே அரிது. அரிசியைத் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கும்போது உயிருக்கு வேண்டிய ஏதோ ஒன்று தவிட்டோடு போய்விடுகிறதாம். புழுங்கலரிசியில் அது தங்கிவிடுகிறதாம். தோட்டத்துத் தமிழருக்கு நோய் வராததற்கு அதுவே காரணம் என்கிறார்கள். மீனோ பருப்போ காய்கறியோ கூடச் சேர்ந்திருந்தால் ஓரளவு தாங்கியிருக்கும். பத்தியத்தில் அவையும் நின்றன.

டாக்டரின் சந்தேகம் சவுந்தரத்தைப் பற்றியதன்று, மாமா. அன்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்த குழந்தை என் கையில் இருந்தது. அது வாயைத் திறந்து சத்தமின்றி அழுவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அதன்பிறகுதான் வின்சென்ட் என்னை ஓரமாக அழைத்தான். நான் அவன் சட்டையைப் பிடித்தபோது அவன் சொன்னது இதுதான்: “அண்ணே, தாய்க்கு அந்த நோவுன்னா பாலு வழியாப் பிள்ளைக்கும் அதே நோவு. இல்லேன்னா வேற மருந்து. தப்பா மருந்து குடுத்தா ரெண்டு நாளு தாங்காது. உசுரோட இருக்குற பிள்ளைய அறுத்துப் பாக்க முடியாதுண்ணே. அக்காவத்தான் கேக்க முடியும்.”

தன் பிள்ளைக்காக அவள் எதைத்தான் கொடுத்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன். கையொப்பமிட்டேன். முடிவு தெரிந்தவுடனே வின்சென்ட் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்துக்கு ஓடி, புழுங்கலரிசி உண்ணும் தாய் யாரேனும் உண்டா என்று வீடு வீடாகக் கேட்டான். மீனாட்சி கிடைத்தார். ஐந்தாம் நாள் குழந்தை பூனைக்குட்டி போல ஒரு சத்தம் போட்டது.

ஏன் எழுதவில்லை என்றீர்கள். சொன்னவர் தாங்கள், சமைத்தவள் அம்மா, வாங்கியவன் நான். எல்லாம் அவள்மேல் இருந்த அன்பினால். மூவரில் ஒருவன் மட்டும் அறிந்திருந்தால் போதும் என்று தோன்றியது. அம்மா நஞ்சிட்டாள் என்று தாங்கள் எழுதியபோதும் உண்மையைச் சொல்ல முடியாமல் போனது அதனால்தான். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

தங்கள் மருமகன்,
லாரன்ஸ்


திருச்சிராப்பள்ளி
1913 ஜூன் 9

அன்பார்ந்த மாப்பிள்ளை லாரன்ஸ் அவர்களுக்கு,

கப்பல் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். குழந்தை இருக்குமிடத்திலேயே இருக்கட்டும்.

யாருடைய பயனுக்காக என்று கேட்டேன். பதில் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பதில் உங்கள் சட்டைப் பைக்குள் கிடப்பதற்காகச் சவுந்தரம் அறுக்கப்படவில்லை. பெருமைக்கு வெள்ளை அரிசி உண்டு, அதன்மேல் பத்தியமும் காக்கும் பெண்கள் உங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். நான் தேர்ந்தெடுத்த அந்தப் பெண்ணும் கைக்குழந்தையும் அவர்களில் அடங்குவர். முதலில் அவளிடம் போங்கள். பிறகு ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் நிற்கும்போது சொல்லுங்கள். யார் சொல்லி அந்த அரிசி வாங்கப்பட்டது என்று கேட்பார்கள். திருச்சிராப்பள்ளி இராயப்பன், பி.ஏ. என்று பட்டத்தோடு சொல்லுங்கள். அதை நீக்கிச் சொன்னால் படிப்பில்லாதவர் செய்த பிழை என்று எண்ணிவிடுவார்கள்.

என் கோபம் தணிந்துவிட்டதென்று எண்ணவேண்டாம். அது இப்போது போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சம்பந்தியம்மாளிடம் நீங்கள் சொல்லுங்கள். அவர் ஊட்டிய ஒவ்வொரு கவளத்துக்கும் உத்தரவு என்னுடையது என்று சொல்லுங்கள். அவர்மேல் நான் சுமத்திய பழிக்கு மன்னிப்புக் கேட்கும் தகுதி வந்தபின் நேரில் வருவேன். தூதுவளை சாப்பிடுகிறேன்.

உடன் வைத்திருக்கும் தாளை உரியவரிடம் படித்துக் காட்டவும்.

இராயப்பன்

மகா கனம் பொருந்திய மீனாட்சியம்மாள் அவர்களுக்கு, டோரதியின் பாட்டன் இராயப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் கணவரும், தங்கள் குழந்தையும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். தங்களை என் பேத்தியிடமிருந்து விலக்கும்படி நான் எழுதினேன். அப்படி நடந்திருந்தால் அவள் இறந்திருப்பாள். தாங்கள் வெள்ளைச் சோறு கேட்டதாகவும், என் மாப்பிள்ளை மறுத்ததாகவும் அறிந்தேன். அவர் கஞ்சர் அல்லர். அந்தச் சோற்றை என் மகளுக்கு நான் ஆசையாகக் கொடுக்கச் சொன்னேன். தாங்கள் அதை உண்ண வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.


பினாங்கு
1913 ஜூலை 2

சேசு மரி சூசை

அன்புள்ள மாமா அவர்களுக்கு லாரன்ஸ் தோத்திரம். நாங்கள் நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.

அம்மாவிடம் சொன்னேன். தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தாங்கள் எழுதியதைச் சொன்னதும், “உத்தரவு அவரோடது. கை என்னோடதுதானடா” என்றாள். மூன்றாம் நாள் தெருவில் தாங்கள் தேர்ந்தெடுத்த அந்தப் பெண்ணின் வீட்டுக்கு என்னை விடாமல் அவளே போனாள். ஞாயிறன்றும் நான் வாய் திறக்கும் முன் அவளே கோயில் வாசலில் முன்னால் போய் நின்றாள். “எம் மருமவள ஏன் அறுத்தாங்கன்னு எம் முதுகுக்குப் பின்னாடி கேட்டீங்கள்ல? இப்ப மூஞ்சிக்கு முன்னாடி சொல்றேன், கேட்டுக்குங்க” என்று தொடங்கினாள். தங்கள் பெயரைப் பட்டத்தோடு சொன்னாள். பல பெண்கள் அன்றே வெள்ளை அரிசியை நிறுத்தினார்கள். மறுநாள் தவுக்கே என்னைக் கடைக்குள் அழைத்து, வெள்ளை அரிசிக்கு என்ன வந்துவிட்டது என்று விசாரித்தார்.

மீனாட்சியம்மாளிடம் தங்கள் கடிதத்தைப் படித்தேன். முதல் வரியிலேயே, “இருங்க கிராணியய்யா, இது எனக்கில்ல. எங்க லயத்துல வேற மீனாட்சி இல்லியே” என்றார். அவருக்குத்தான் என்றேன். “மகா கனமா? எம் புருசன் கேட்டா மூட்டையப் போட்டுட்டுச் சிரிப்பாரு” என்று வாயைப் பொத்திக்கொண்டார். முழுவதும் படித்து முடித்தபோது சிரிப்பு நின்றிருந்தது. இரண்டு குழந்தைகளையும் இறுக்கிக்கொண்டார். “அப்ப நான் கேட்ட சோறு...” என்றவர் முடிக்கவில்லை. பிறகு, “ஐயா அழுவாராய்யா?” என்றார். தெரியாது என்றேன். “அழச் சொல்லி எழுதுங்க. அழுவ வராமப்போனா என்னாவும்னு இந்தப் பிள்ளையப் பாத்தேனே” என்றார்.

தாளைத் திரும்பத் தரவில்லை. மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

மேலும் எழுத நினைத்தேன். டோரதி அழுகிறாள். அம்மா தாலாட்டுகிறாள், கேட்கிறாளில்லை. தங்கள் நெற்றி மட்டும் என்று சவுந்தரம் எழுதினாள், கோபமும் வந்துவிட்டது. ரிக்‌ஷாக்காரர்கள் நின்று எட்டிப் பார்க்கிறார்கள், அவ்வளவு சத்தம். அந்தச் சத்தத்தில் எனக்கு எழுத்து ஓடவில்லை, மாமா. இத்துடன் நிறுத்துகிறேன்.

லாரன்ஸ்